பள்ளத்தூர் வீட்டில் மூன்று டெக்கோ பெட்டிகளும் 55 மீட்டர் வயரும்

செட்டிநாட்டில் பள்ளத்தூரில் உள்ள எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது. முகப்பில் நின்றால் வளவு (நடு முற்றம்), அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்வாசல் எல்லாம் ஒரே நேராகத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற தூரம்தானே, வைஃபை போகாதா என்று நினைத்தேன். போகவில்லை.

ஃபைபர் இணைப்பு முகப்பில் வந்து நிற்கிறது, 100 எம்பிபிஎஸ் திட்டம். பெட்டிக்குப் பக்கத்தில் 94 காட்டும். வளவில் 60. நான் வேலை பார்க்கும் இரண்டாம் கட்டு அறைக்குள் 6 அல்லது 7. அடுப்படியில் ஒன்றுமே இல்லை. சிங்கப்பூரிலிருந்து தங்கச்சி கூப்பிட்டால், ஆத்தா அடுப்பை அணைத்துவிட்டு வளவுக்கு வர வேண்டும். மூட்டுவலியோடு இரண்டு நிலைப்படி தாண்டி வருவதற்குள் அழைப்பு நின்றுபோகும். சென்னையை விட்டு ஊரோடு வந்துவிட்ட நான் முதலில் சரிசெய்ய நினைத்தது இதைத்தான்.

நம் ஊர் வீட்டுச் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். எங்கள் வீட்டில் அளந்து பார்த்தேன், ஒன்றே முக்கால் அடி கனம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் செத்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் கொஞ்சம் உள்ளே போகும், ஆனால் வேகம் குறைவு. அறைகளோ இரட்டை வீடு, அதாவது அறைக்குள் அறை. உள்வீட்டுக்குப் போவதற்குள் இரண்டு சுவர். பட்டாலையில், அதாவது முன்கூடத்தில், மாட்டியிருக்கும் பெரிய பெல்ஜியம் கண்ணாடிகளின் பின்னால் ரசம் பூசியிருப்பதால் அதுவும் அலையைத் திருப்பிவிடுகிறது. அலை தாராளமாகப் போகும் வழி, வானம் பார்த்த வளவு ஒன்றுதான். அங்கிருந்து கதவு திறந்திருக்கும் அறைக்குள் மட்டும் எட்டிப் பார்க்கும்.

முதலில் ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். பலவீனமாக வரும் சிக்னலை வாங்கி அதையே திரும்பக் கொடுப்பதுதான் அதன் வேலை என்பதால் அறைக்குள் 6 இருந்தது 9 ஆனது, அவ்வளவுதான்.

அப்புறம் காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் வைஃபை 6 மெஷ் பெட்டிகளைத்தான் முதலில் எடுத்து வைத்தார். மெஷ் என்றால் பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையாக நடப்பது. நல்ல பொருள்தான். ஆனால் எங்கள் வீட்டின் தடை சுவர். பெட்டி எத்தனை புதியது என்பதைச் சுவர் பார்ப்பதில்லை. நான் எடுத்தது டிபி-லிங்க் டெக்கோ எம்4, மூன்று பெட்டி செட், பத்தாயிரத்துக்குச் சற்று மேல். இது வைஃபை 5, முந்தைய தலைமுறை. ஏட்டளவு வேகம் 2.4-இல் 300, 5-இல் 867 எம்பிபிஎஸ். இதைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) லேன் போர்ட், அதாவது வயர் செருகும் துளை, இருப்பது. மெஷ் பெட்டிகளில் 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ளவையும் விற்கின்றன. நாளை 200, 300 திட்டத்துக்கு மாறினால் அந்தப் போர்ட்டே முட்டுக்கட்டை. அட்டைப்பெட்டியில் 'ஜிகாபிட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அமைப்பது எளிது. ஃபோனில் டெக்கோ ஆப் இறக்கி, கணக்குத் தொடங்கினால் அதுவே வழி சொல்லும். மூன்றும் ஒரே மாதிரிப் பெட்டிகள். எதை வேண்டுமானாலும் முதல் பெட்டியாக வைக்கலாம். நீல விளக்கு துடித்தால் அமைக்கத் தயார், பச்சை நின்று எரிந்தால் எல்லாம் சரி. அரை மணி நேரத்தில் முகப்பில் ஒன்று, வளவில் ஒன்று, இரண்டாம் கட்டில் ஒன்று.

அன்று மாலை என் அறையில் 38, அடுப்படியில் 14. முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனால் இந்தப் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுவதும் நம் ஃபோனோடு பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் ஒவ்வொரு முறையும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். அதனால் பெட்டிகளுக்கு இடையே வயர் இழுக்க முடிவு செய்தேன்.

இங்கேதான் நம் வீடுகளின் சங்கடம். வீடு எனக்கு மட்டும் சொந்தமில்லை, ஐந்து புள்ளிகளுக்கு, அதாவது ஐந்து குடும்பங்களுக்கு, பங்கு. சுவரில் ஓட்டை போடக் கூடாது, நிலையில் ஆணி அடிக்கக் கூடாது என்பது பங்காளிகள் பேசி வைத்த ஏற்பாடு. நானும் அதை மீற விரும்பவில்லை. பர்மா தேக்கில் ஒருமுறை ஓட்டை போட்டால் போட்டதுதான். எலெக்ட்ரீசியன் தம்பிதான் அண்ணாந்து பார்த்து வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு கதவுக்கு மேலேயும் காற்றுக்காக விட்ட துவாரம் இருக்கிறது. அதன் வழியாக நுழைத்து, தாழ்வார ஓட்டுக்குக் கீழே கைமரத்தை ஒட்டிக் கொண்டுபோய், கயிற்றால் கட்டிவிட்டோம். மொத்தம் 55 மீட்டர். செப்பு லேன் வயர் 100 மீட்டர் வரை தாங்கும்.

வயர் வாங்கும்போது 'முழுச் செம்பா' என்று கேளுங்கள். அலுமினியத்துக்கு மேல் செம்பு முலாம் பூசியது விலை குறைவு. வளைத்தால் எளிதில் முறியும். நான் கேட்6 வகை லேன் வயர், வெயில் தாங்கும் வெளி உறை போட்டது வாங்கினேன். வளவு ஓரத்தில் வெயில் நேராக விழும். அப்படியும் மூன்றாவது வாரம் என் அறையில் இணைப்பு அறுந்தது. அணில் கடித்திருந்தது. இப்போது வளவைத் தாண்டும் பகுதி முழுக்க பிவிசி பைப்புக்குள் போகிறது. ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டிய செலவு அது.

வயர் போட்டபின் ஆப்பில் எதையும் மாற்றவில்லை, பெட்டிகளே கண்டுகொண்டன. இரண்டாம் கட்டில் 93, அடுப்படியில் 70-க்குக் குறைவதில்லை.

இன்னொன்று. முகப்பிலும் பின்வாசலிலும் உள்ள கேமராக்களின் டிவிஆர் (பதிவுப் பெட்டி), ஃபைபர் பெட்டியில் நேராகச் செருகியிருந்தது. டெக்கோ வந்தபின் வீட்டுக்குள் ஃபோனில் கேமரா தெரியவில்லை. ஃபைபர் பெட்டி ஒரு நெட்வொர்க், டெக்கோ அதற்குள் இன்னொரு நெட்வொர்க் என்று ஆகிவிட்டதுதான் காரணம். ஆப்பில் டெக்கோவை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு, அதாவது தனி நெட்வொர்க் போடாமல் வைஃபையை மட்டும் பரப்பும் முறைக்கு, மாற்றியதும் சரியானது. அந்த முறையில் குழந்தைகளுக்கான கட்டுப்பாட்டு வசதி கிடைக்காது. எங்கள் வீட்டுக்கு அது தேவைப்படவில்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் முறையை மாற்றாமல், டிவிஆரை ஏதாவது ஒரு டெக்கோவில் காலியாக உள்ள போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். கரண்ட் போனால் ஃபைபர் பெட்டிக்கும் மூன்று டெக்கோவுக்கும் தனித்தனி மினி யூபிஎஸ் வேண்டும். அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜ், ஆம்பியர் இரண்டையும் பார்த்து வாங்குங்கள்.

போன மாதம் படைப்புக்கு (முன்னோருக்குப் படையலிடும் சடங்கு) பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். வளவு நிறைய ஆட்கள், அத்தனை கையிலும் ஃபோன். ஆப்பில் 41 கருவிகள் காட்டியது. வர முடியாத அண்ணன் ஒருவர் மலேசியாவிலிருந்து தொடக்கம் முதல் இலை எடுக்கும்வரை வீடியோவில் பார்த்தார், ஒருமுறைகூட நிற்கவில்லை. அன்று ஆத்தா அடுப்படியில் இருந்தபடியே தங்கச்சிக்கு வெள்ளைப் பணியாரத்துக்கு மாவுப் பக்குவம் காட்டிக்கொண்டிருந்தது.

மாடிக்கு இன்னும் சரியாக எட்டவில்லை. முகப்பு மாடி அறையில் 12-தான் வருகிறது. தை மாதம் அங்கே பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வருபவர்கள் தங்குவார்கள். அதற்குள் நான்காவது பெட்டி ஒன்று வாங்கி, படிக்கட்டுச் சாளரம் வழியாக வயர் ஏற்ற வேண்டும். வயரும் பைப்பும் ஏற்கெனவே வாங்கி வைத்துவிட்டேன்.