நிலாவெளி விடுதிக்கு மைக்ரோசர்வீஸ் தேவையா?

திருகோணமலையில் மே முதல் செப்டெம்பர் வரை சீசன். உப்புவெளி, நிலாவெளியில் பத்துப் பன்னிரண்டு அறை வைத்திருப்பவருக்கும் மைக்ரோசர்வீஸில், அதாவது தனித்தனியாக ஓடி வலையமைப்பில் பேசிக்கொள்ளும் சிறு சேவைகளாகக் கட்டிய முன்பதிவு மென்பொருளை விற்கிறார்கள். வேண்டாம், எல்லாம் ஒரே நிரலாக ஓடும் மோனோலித் போதும்.

மோனோலித்தில் அறையை ஒதுக்குவது, முற்பணத்தைப் பதிவது, பற்றுச்சீட்டு எழுதுவது மூன்றும் ஒரே டிரான்சாக்‌ஷன். ஒன்று தவறினால் மூன்றும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரே அறை இருவருக்குப் போகாமலிருக்க, போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் அறை எண்ணையும் தேதி வீச்சையும் சேர்த்து எக்ஸ்க்ளூஷன் கட்டுப்பாடு போடுங்கள்; ஒரே அறைக்குத் தேதி மேற்படியும் பதிவை அது ஏற்காது. வெளியேறும் நாளை வீச்சில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அன்று பின்னேரம் வருபவருக்கு அறை இல்லை என்று காட்டும்.

இதையே மூன்று சேவையாகப் பிரித்தால் சிக்கல் தொடங்கும். கணக்குச் சேவை முற்பணத்தைப் பதிந்துவிட்டது, பதில் வர முன்னமே இணைப்பு அறுந்தது. முன்பதிவுச் சேவை திரும்பக் கேட்கும். முற்பணம் இரண்டு தரம் ஏறும். தடுக்க, ஒவ்வொரு கோரிக்கைக்கும், திரும்பக் கேட்டாலும் மாறாத அடையாள எண் வேண்டும். (அட்டைக் கட்டணத்துக்கு இது எந்தக் கட்டமைப்பிலும் கட்டாயம்.) போதாததற்கு, பாதியில் நின்றால் முன்பு முடிந்ததை மீட்க ரத்துப் படிகள், கோரிக்கை எந்தச் சேவையில் சிக்கியது என்று தேட டிரேசிங், அவற்றைப் பார்க்க ஆள்.

அமேசான் பிரைம் வீடியோவே 2023இல், தரக் கண்காணிப்புக் கருவி ஒன்றை மோனோலித்தாக்கிச் செலவை 90 சதவீதத்துக்கு மேல் குறைத்ததாகச் சொன்னது.

குறையும் உண்டு: மாத அறிக்கை நினைவகத்தைத் தின்றால் முன்பதிவும் சேர்ந்து விழும். அந்த வேலையை மட்டும் கியூ (வேலைகள் காத்திருக்கும் வரிசை) வைத்து, தனியாக ஓடும் புரோசஸுக்கு மாற்றுங்கள்.