சிஆர்எம் இன்டர்வியூவுக்கு ட்ரெயில்ஹெட் போதுமா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருந்துகொண்டு சிஆர்எம் (வாடிக்கையாளர் விவரத்தையும் விற்பனையையும் கவனிக்கிற மென்பொருள்) வேலைக்குத் தயாராகிறவர்கள், கோச்சிங் சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால் சேல்ஸ்ஃபோர்ஸ் என்கிற சிஆர்எம் நிறுவனத்தின் ஆன்லைன் பயிற்சித் தளமான ட்ரெயில்ஹெட்டை ஒரு தடவை பார்த்துவிடுங்கள், காசே கிடையாது. பாடத்தைவிட ப்ளேகிரவுண்ட் என்று ஒரு பயிற்சிக் கணக்கு தருகிறார்களே, அதில்தான் விஷயமே இருக்கிறது. பாத்திரக்கடையில் குத்துவிளக்கு மொத்தமாக விலை விசாரித்த ஒரு கல்யாண மண்டபக்காரரை சும்மா கற்பனையாக லீடாக, அதாவது இன்னும் விசாரிப்போடு நிற்கிற ஆளாகப் போட்டு கன்வெர்ட் அழுத்தினேன். அக்கவுன்ட் (அவருடைய நிறுவனம்), கான்டாக்ட் (அந்த ஆள்), ஆப்பர்ச்சூனிட்டி (நடக்க வாய்ப்புள்ள வியாபாரம்) என்று மூன்றாக வந்து நின்றது. லீடுக்கும் ஆப்பர்ச்சூனிட்டிக்கும் என்ன வித்தியாசம் என்று இன்டர்வியூவில் கேட்டால் இதையே சொல்லலாம், மனப்பாடம் வேண்டாம். பாடம் முடித்தால் கிடைக்கிற பேட்ஜ்களைச் சேர்க்கிற மோகத்தில் மட்டும் விழுந்துவிடாதீர்கள். தமிழில் கிடையாது, சில பாடங்கள் ஜவ்வு. மார்க்கெட்டிங் பக்கம் போகிறவர்கள் ஹப்ஸ்பாட் அகாடமியின் இலவச இன்பவுண்ட் (வாடிக்கையாளரைத் தானாகத் தேடி வரவைக்கிற முறை) கோர்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், ப்ளேகிரவுண்டுக்கு லேப்டாப்தான் சரி, போனில் கண் வலிக்கும்.