டிராவல் டிரெய்லருக்குப் பின்பார்வைக் கேமரா: படத்தைவிட மின்சாரமே பெரிது

டெக்சஸ் மாநிலத்தின் வடபகுதியில் உள்ள பாலோ டியூரோ பள்ளத்தாக்குப் பூங்காவின் சாலை, சமவெளியிலிருந்து பள்ளத்தாக்கின் அடிவரை 10 சதவீதச் சரிவில் இறங்குகிறது. 26 அடி நீள டிராவல் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீட்டை, பிக்கப் லாரியின் பின்னால் இழுத்துக்கொண்டு, கீழ் கியரில், பிரேக்கை விட்டுவிட்டு மிதித்தபடி அந்தச் சாலையில் முதன்முறையாக இறங்கிய நாளில், என் பின்னால் யார் வருகிறார்கள், எவ்வளவு நெருக்கமாக வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியவே இல்லை. உள்கண்ணாடியில் தெரிந்தது டிரெய்லரின் முன்சுவர் மட்டுமே. பக்கக் கண்ணாடிகளில் டிரெய்லரின் இரண்டு விலாப்புறங்களும், அவற்றுக்கு வெளியே ஒரு கீற்றுச் சாலையும் தெரிந்தன. பின்சுவரில் கேமரா இருந்தது, அதற்குரிய திரையும் கண்ணெதிரே இருந்தது. ஆனால் திரையில் 'நோ சிக்னல்' என்ற எழுத்து மட்டும் நின்றது. நல்ல வெயில் என்பதால் நான் விளக்கைப் போடவில்லை, அதனால்தான் கேமரா இயங்கவில்லை என்பது அன்று மாலைதான் புரிந்தது.

இந்த மதிப்புரை அந்தக் கேமராவையும் அதைப் பொருத்திய விதத்தையும் பற்றியது. ஒரு முறை கடைக்காரர் கையாலும், மறுமுறை என் கையாலும் அது பொருத்தப்பட்டு, இரண்டு கோடைகளும் ஒரு குளிர்காலமும் உழைத்திருக்கிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஏனெனில் இந்த விலையில் கிடைக்கும் கம்பியில்லாக் கேமராக்களுக்கு இடையே படத்தின் தரத்தில் காணப்படும் வேறுபாடு, மின்சாரத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதால் உண்டாகும் வேறுபாட்டுக்கு முன்னால் மிகச் சிறியது.

அமெரிக்காவில் 2018ஆம் ஆண்டு மே 1 முதல், 10,000 பவுண்டுக்கு உட்பட்ட புதிய வாகனங்கள் அனைத்திலும் பின்பார்வைக் கேமரா கட்டாயம். 2002ஆம் ஆண்டில், தன் வீட்டு வாசலில் தந்தை பின்னோக்கி எடுத்த வண்டியில் சிக்கி உயிரிழந்த இரண்டு வயதுக் குழந்தை கேமரன் கல்பிரான்சனின் பெயரால் இயற்றப்பட்ட சட்டத்திலிருந்து பிறந்த விதி அது. டிரெய்லர்களுக்கு அந்த விதி பொருந்தாது. டிரெய்லரை மாட்டிய கணத்தில் பிக்கப்பின் சொந்தக் கேமராவும் கொக்கியையும் முன்சுவரையும் மட்டுமே காட்டும். முகாம் மைதானத்தின் குறுகிய பாதைகளில் குழந்தைகள் சைக்கிளில் சுற்றிக்கொண்டிருக்கும் மாலை நேரத்தில்தான் பெரும்பாலோர் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளி இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதை நினைத்தால், இந்தக் கேமராவை ஓர் ஆடம்பரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நான் வாங்கிய பெட்டியில் ஐந்து அங்குலத் திரை, சிறு ஆன்டெனாவுடன் கூடிய கேமரா, திரைக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட் பிளக், ஓர் இணைப்புத் தகடு ஆகியவை இருந்தன. தகடு எதற்கென்றால், இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் பகுதியின் தொழிற்சாலைகளிலிருந்து வரும் டிரெய்லர்களில் பலவற்றின் பின்சுவர் உச்சியில், ஃபுரியன் நிறுவனத்தின் கேமராவுக்கென்று ஒரு தாங்கியும், அதனுள் இரண்டு ஒயர்களும் ஏற்கெனவே வைக்கப்பட்டிருக்கும். வேறு நிறுவனத்தின் கேமராவை அதே இடத்தில் உட்காரவைக்க இந்தத் தகடு உதவுகிறது. புதிதாகச் சுவரில் துளை போட வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஆனால் அந்தத் தாங்கிக்குள் காத்திருக்கும் ஒயர்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் அவை டிரெய்லரின் ஓரங்களைக் காட்டும் சிறு மார்க்கர் விளக்குகளிலிருந்து வருகின்றன.

இதன் விளைவைப் புரிந்துகொண்டால்தான் மற்றவை புரியும். பிக்கப்பிலிருந்து ஏழு முனை பிளக் வழியாக டிரெய்லருக்குச் செல்லும் மின்சாரத்தில், மார்க்கர் விளக்குகளுக்கான முனை, நாம் பார்க்கிங் விளக்கையோ முகப்பு விளக்கையோ போடும்போது மட்டுமே உயிர் பெறும். இன்றைய வண்டிகள் பலவற்றில் பகலில் தானாக எரியும் விளக்குகள் முன்புறத்தில் மட்டுமே எரிகின்றன. பின்புற விளக்குகளையும் டிரெய்லரின் மார்க்கர்களையும் அவை தொடுவதில்லை. முன்னால் விளக்கு எரிகிறது என்று நாம் நம்பியிருக்க, பின்னால் கேமரா இறந்துகிடக்கும். பாலோ டியூரோவில் எனக்கு நேர்ந்தது இதுதான். இருட்டிய பிறகு விளக்கைப் போட்டதும் திரை தானாக உயிர் பெற்றது. டிரெய்லருக்குப் பின்னால் கைவிளக்குடன் நின்று, "இன்னும் கொஞ்சம் வாங்க... போதும், போதும், நில்லுங்க!" என்று கத்திக்கொண்டிருந்த என் மனைவியின் முகத்தை அதில்தான் முதலில் பார்த்தேன்.

எப்போதும் விளக்கைப் போட்டே ஓட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதும், டிரெய்லர் இழுக்கும்போது அது நல்ல பழக்கமும்கூட. ஆனால் எங்கள் பிக்கப்பில் வேறொரு சிக்கல் தலைகாட்டியது. விளக்குப் போட்டிருந்தபோதும் படம் இடையிடையே துடித்து அணைந்தது. சில வண்டிகள் பின்விளக்குகளுக்குத் தொடர்ச்சியான மின்சாரத்தைத் தராமல், நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுத் தருகின்றன. பல்பைப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் தொடர்ச்சியான 12 வோல்ட்டை எதிர்பார்க்கும் கேமராவின் மின்னணுப் பகுதி அதில் தடுமாறும். மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரில் 12க்குப் பதிலாக 9, 10 என்று எண் அலைந்தபோதுதான் கேமராமேல் நான் கொண்டிருந்த கோபம் தணிந்தது.

ரிவர்ஸ் விளக்கின் முனையிலிருந்து எடுக்கும் வழியும் உண்டு. அது காருக்குச் சரி, டிரெய்லருக்குப் போதாது. நெடுஞ்சாலையில் தடம் மாறும்போது பின்னால் பார்ப்பதுதான் டிரெய்லர் கேமராவின் பாதி வேலை. ரிவர்ஸ் கியரில் மட்டும் இயங்கும் கேமரா அந்தப் பாதியை விட்டுவிடுகிறது. தவிர, பல டிரெய்லர்களில் அந்த ஒயர் முன்புறத்தில் ஒயர்கள் சேரும் பெட்டியோடு நின்றுவிடும். பின்சுவர்வரை போவதே இல்லை. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும், சார்ஜ் செய்து பயன்படுத்தும் கேமராக்கள் ஒரு வார இறுதிப் பயணத்துக்குப் போதுமானவை என்றாலும், அலுமினியமும் ஃபைபர் கிளாசுமாக உள்ள டிரெய்லர் சுவரில் காந்தம் பிடிக்காது.

இனிக் கடைக்காரர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். டிரெய்லர் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் இரண்டு மணிநேரக் கூலி கொடுத்து முதலில் பொருத்தச் சொன்னேன். ஏழெட்டு மாதம் கழித்து, வசந்த கால மழைகளுக்குப் பிறகு, பின்சுவரை ஒட்டிய மேல் அலமாரியின் மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு கோடு இறங்கியிருந்தது. விரலால் அழுத்தியபோது அந்த இடத்துப் பலகை மெத்தென்று உள்ளே போனது. ஏணி வைத்து ஏறித் தாங்கியைக் கழற்றிப் பார்த்தேன். தகட்டுக்கும் சுவருக்கும் இடையே இருக்க வேண்டிய ரப்பர் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது. திருகுகளின் துளைகளில் பசை எதுவும் இல்லை. ஒயர்கள், தோலைக் குத்திப் பிடிக்கும் சிறு நீலக் கிளிப்புகளால் இணைக்கப்பட்டிருந்தன. ஒன்றைத் திறந்தபோது உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஃபைபர் கிளாஸ் சுவரின் அடுக்குகளுக்குள் தண்ணீர் புகுந்தால் அடுக்குகள் பிரிந்து சுவர் உப்பிவிடும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு இதுபோன்ற பல கேமராக்களின் விலைக்குச் சமம். நல்ல வேளையாக எங்கள் சுவர் அந்த நிலைக்குப் போகவில்லை. மின்விசிறி வைத்து ஒரு வாரம் உலரவிட்டேன்.

மறுமுறை நானே பொருத்தியபோது மின்சாரத்தை டிரெய்லரின் சொந்தப் பேட்டரியிலிருந்து எடுப்பதென்று முடிவு செய்தேன். முன்புறப் பேட்டரியிலிருந்து பின்சுவர்வரை புதிய ஒயர் இழுப்பதுதான் பலரையும் தயங்கவைக்கும் வேலை. ஆனால் தாங்கிக்கு நேர் பின்னால், அதே மேல் அலமாரிக்குள், படுக்கைக்கான வாசிப்பு விளக்கின் 12 வோல்ட் ஒயர் ஏற்கெனவே வந்திருந்தது. தாங்கியின் பழைய துளை வழியாகவே ஓர் ஒயரை அலமாரிக்குள் இறக்கி, விளக்கின் இணைப்போடு சேர்த்துவிட்டேன். கேமரா எடுக்கும் மின்சாரம் என் மீட்டரில் கால் ஆம்பியர்தான் காட்டியது; ஆகவே 18ஆம் அளவு ஒயரும் 3 ஆம்பியர் ஃபியூஸும் தாராளமாகப் போதும். ஃபியூஸை மட்டும் ஒருபோதும் விட்டுவிடக் கூடாது. மரமும் நுரையுமான சுவருக்குள் உரசி ஒட்டும் ஒயர் தீயில் போய் முடியும்.

ஒயர் நிறங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. டிரெய்லர் தொழிற்சாலைகள் பரவலாகப் பின்பற்றும் முறையில் பச்சை ஒயர் மார்க்கர் விளக்குக்கு உரியது. இழுக்கும் வண்டிகளின் பக்கத்தில் வழங்கும் முறையில் அதே பச்சை வலப்புறத் திருப்ப விளக்குக்கு உரியது, மார்க்கருக்குப் பழுப்பு. நிறத்தை நம்பி இணைத்தால், வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் கண்சிமிட்டும் கேமராதான் கிடைக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது, டிரெய்லரின் சுவருக்குள் 12 வோல்ட் ஒயர்களோடு அமெரிக்க வீட்டு மின்சாரமான 120 வோல்ட் ஒயர்களும் ஓடுகின்றன என்பது. வெளி மின்சாரத்தைப் பிடுங்கி, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டே கை வைக்க வேண்டும். மீட்டர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும்.

இணைப்புகளுக்குச் சூடாக்கினால் சுருங்கி உள்ளே பசை இறுகும் குழாய் இணைப்பிகளைப் பயன்படுத்தினேன். தாங்கியின் பின்புறம் முழுவதும் தண்ணீர் புகாமல் அடைக்கும் பிசின் நாடாவான பியூட்டைல் டேப்பைச் சுற்றி ஒட்டி, திருகுகளை ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாக இறுக்கினேன்; நான்கு ஓரங்களிலும் சாம்பல் நிறப் பசை ஒரே அளவாகப் பிதுங்கி வந்தபோதுதான் மனம் அமைதியானது. பிதுங்கியதைப் பிளாஸ்டிக் தகட்டால் வழித்துவிட்டு, மேல் ஓரத்திலும் இரண்டு பக்கங்களிலும் வழிந்தோடாத வகைப் பசையைப் பூசினேன். கூரைக்கென்று விற்கப்படும், தானே பரவும் பசை செங்குத்துச் சுவரில் வழிந்து இறங்கிவிடும். கீழ் ஓரத்தைப் பூசாமல் விட்டேன். எப்படியோ உள்ளே போகும் துளித் தண்ணீருக்கு வெளியே வர ஒரு வழி வேண்டும்.

பேட்டரியிலிருந்து எடுப்பதில் ஒரு விலை இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் வீட்டு முன் டிரெய்லர் நிறுத்த அனுமதி இல்லாததால், மின் இணைப்பு இல்லாத ஒரு வாடகைத் திடலில்தான் அது நிற்கிறது. கால் ஆம்பியர் என்பது கேட்கச் சிறிதுதான். ஒரு நாளுக்கு ஆறு ஆம்பியர்-மணி. பாதிவரை மட்டுமே இறக்கத் தகுந்த 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியை எட்டு நாளில் அது தீர்த்துவிடும். முதல் மாதத்திலேயே அப்படி ஒரு முறை நடந்தது. அதன்பின் கதவருகே படிவிளக்குச் சுவிட்சின் பக்கத்தில், எரியும்போது சிவப்பு ஒளி காட்டும் சுவிட்ச் ஒன்றைக் கேமராவுக்கென வைத்தேன். பேட்டரியில் முழுத் துண்டிப்பு சுவிட்சும் சேர்த்தேன். அதைச் சேர்ப்பவர்கள், டிரெய்லர் கொக்கியிலிருந்து கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் அவசரச் சுவிட்சின் ஒயர் துண்டிப்புக்கு முன்னாலேயே பேட்டரியோடு இணைந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். பிளக்கில் வரும் சார்ஜ் ஒயரிலிருந்து கேமராவுக்கு எடுத்தால் வண்டி அணையும்போது கேமராவும் அணையும் என்று சிலர் எண்ணுகிறார்கள். அந்த ஒயர் டிரெய்லரின் பேட்டரியோடு சேர்ந்திருப்பதால் அணையாது.

இவ்வளவுக்கும் பிறகு கேமரா எப்படி? நிலையான மின்சாரம் கிடைத்த நாளிலிருந்து அது வேறு பொருளாகிவிட்டது. டாலஸிலிருந்து அமரில்லோ வரையிலான நீண்ட பயணத்தில் படம் ஒருமுறைகூட முழுதாக அணையவில்லை. பெரிய லாரிகளுக்கு இடையே போகும்போது ஓரிரு முறை ஒரு நொடி உறைந்து மீண்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை வைஃபையும் பகிர்ந்துகொள்வதால், நெருக்கமான முகாம் மைதானங்களில் அந்த உறைதல் கொஞ்சம் கூடுதல். உறைந்த படத்தை நேரடிப் படம் என்று நம்பிவிடும் ஆபத்து இருப்பதால், பின்னோக்கி எடுக்கும்போது மனைவி இன்றும் வெளியே நிற்கிறார். அவர் கையசைப்பது திரையில் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே தள்ளுகிறேன். இரவில் அகச்சிவப்பு ஒளி இருபதடிவரை தெளிவாகக் காட்டுகிறது. மழையில் துளிகள் வெள்ளைப் பொட்டுகளாகத் திரையை நிறைப்பதுதான் குறை. திரையின் உறிஞ்சு பிடிப்பு டெக்சஸ் கோடை வெயிலில் கண்ணாடியை விட்டுக் கழன்று விழுகிறது. அதை டாஷ்போர்டில் திருகி வைத்துவிட்டேன்.

கம்பி வழிக் கேமராவோடு ஒப்பிட்டால், இரண்டு வண்டிகளுக்கும் இடையே ஒவ்வொரு முறையும் மாட்டிக் கழற்ற வேண்டிய சுருள் கேபிள் இல்லை என்பதே இதன் வசதி. ஆனால் 35 அடிக்கு மேற்பட்ட நீளமும் உலோகச் சுவர்களும் உள்ள டிரெய்லரை வைத்திருப்பவர்கள் கம்பி வழிக் கேமராவையே வாங்குவது நல்லது. மின்சாரமும் படமும் அந்த ஒரே கேபிளில் பிக்கப்பிலிருந்து வந்துவிடுவதால், நான் மேலே சொன்ன பாடுகளில் பாதி அவர்களுக்கு இருக்காது. எங்களுடையதைப் போன்ற நடுத்தர டிரெய்லருக்கு இந்தக் கேமராவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். வாங்கியதும் பின்சுவரின் தாங்கியைத் திறந்து, பிக்கப்பின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, உள்ளிருக்கும் இரண்டு ஒயர்களிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். எண் பூஜ்யமாக இருந்து, விளக்கைப் போட்டதும் ஏறினால், அவை மார்க்கரிலிருந்து வருபவை.