தோழிக்குக் கையால் ஒரு பரிசு: குரோஷாவா, எம்பிராய்டரியா, புடவைப் போர்வையா?

கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த தோழிக்கும் எனக்கும் ஆறு வருஷமாக ஒரு வழக்கம். பொங்கலுக்கு நாங்கள் மாற்றிக்கொள்ளும் பரிசு கடையில் வாங்கியதாக இருக்கக் கூடாது, ஊசியும் நூலும் பிடித்து நாங்களே செய்ததாக இருக்க வேண்டும். அவள் கோவையில், நான் திருச்சியில். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா, எம்பிராய்டரி, பழைய புடவையை அடுக்கித் தைக்கும் போர்வை என்று மூன்றையும் கொடுத்தும் வாங்கியும் பார்த்துவிட்டேன். என் ஓட்டு போர்வைக்குத்தான்.

நேரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எம்பிராய்டரி போட்ட தலையணை உறை ஒரு வாரத்தில் முடியும். குரோஷாவை பஸ்ஸில் உட்கார்ந்தே பின்னலாம், தப்பானால் உருவிவிட்டு அதே நூலில் மறுபடி தொடங்கலாம். போர்வைக்குத் தரையில் ஆறடி இடம் வேண்டும். எனக்கு இரண்டரை மாதம் ஆனது, பெரும்பாலும் ராத்திரி ஒரு மணி நேரம்.

ஆனால் பரிசு போய்ச் சேர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். மூன்றாம் வருஷம் நான் அனுப்பிய குரோஷா சால்வையைப் பிரித்த கையோடு அவள் போன் செய்தாள். "ரொம்ப அழகா இருக்குடி. இதைத் துவைக்கலாமா, இல்ல பீரோவுலதான் வைக்கணுமா?" அந்தக் கேள்வி மனதில் தங்கிவிட்டது.

நம் ஊர்க் கடைகளில் உல்லன் நூல் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் அக்ரிலிக். அது வியர்வையை உறிஞ்சாது, சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் பின்னல் தட்டையாகிவிடும். பருத்தி நூலில் பின்னினால் உடம்புக்கு இதம். ஆனால் நனைந்ததும் கனத்துவிடும், கொடியில் போட்டால் தன் பாரத்திலேயே நீண்டு தொங்கும். தரையில் விரித்துத்தான் உலர்த்த வேண்டும். அடுக்குமாடி வீட்டில் அதற்கு எங்கே போவது? அப்புறம் மெட்டி. தூக்கத்தில் ஒரு கண்ணி மெட்டியில் மாட்டி இழுபட்டால் காலையில் விரல் நுழையும் ஓட்டை.

எம்பிராய்டரியில் நான் பட்டது வேறு. நீலகிரித் தோடர் பெண்கள் பூவேலை செய்யும் பூத்துக்குளிச் சால்வையைப் பார்த்த ஆசையில் வெள்ளை உறையில் சிவப்பு, கறுப்பு நூலால் கோலம் போட்டேன். முதல் துவையலிலேயே சிவப்பு இறங்கி, உறை வெளிறிய ரோஜா நிறமானது. இப்போதெல்லாம் தைக்கும் முன் ஒரு சாண் நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பார்க்கிறேன். சாயம் ஒட்டினால் அந்த நூல் வேண்டாம்.

புடவைப் போர்வைக்கு இந்தக் கவலை குறைவு. வருஷக்கணக்கில் உடுத்திய நூல் புடவை சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, சாயம் போக வேண்டியதெல்லாம் போய்விட்ட துணி. வங்காளத்தின் காந்தாவும் வட கர்நாடகத்தின் கௌதியும் இப்படிப் பழந்துணியை அடுக்கித் தைப்பவைதான். கணக்கும் அழகாக அமைகிறது. ஐந்தரை மீட்டர் புடவையை மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஆறடி. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒருவர் போர்த்திக்கொள்ளும் அளவு, அகலம் நாலடிக்குச் சற்றுக் குறைவு. புடவையின் எடைதான் போர்வையின் எடை.

அடுக்குகளைச் சுருக்கமில்லாமல் நீவி, பெரிய பெரிய தற்காலிகத் தையல் போட்டுவிட்டு, ஊசியை மேலும் கீழுமாக விட்டு நேராகப் போடும் ஓட்டுத் தையலை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி உப்பிவிடும். ஓர் அங்குல இடைவெளியில் நாற்பத்தைந்து வரிசை வந்தது. எட்டு மீட்டர் எம்பிராய்டரி நூல் கண்டில் ஆறு இழை இருக்கும், மூன்று மூன்றாகப் பிரித்தால் பதினாறு மீட்டர். எனக்கு ஏழு கண்டு போதுமாக இருந்தது.

இதை வாஷிங் மெஷினில் போடலாம், மாடிக் கொடியில் தொங்கவிடலாம். உள்ளே பஞ்சு இல்லாததால் கட்டி தட்டாது, திருச்சி வெயிலில் இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்து வரிசைகள் பிடித்துக்கொள்ளும். என்னிடம் இருக்கும் போர்வையில் என் பையன் சாம்பாரைக் கொட்டினான். சோப்பு பட்டதும் மஞ்சள் கறை சிவந்தபோது பதறிப்போனேன். அலசி வெயிலில் போட்டேன், இரண்டாம் நாள் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சரி, குறையும் உண்டு. மார்கழிக் குளிருக்கு இது போதும், ஊட்டிக்குப் போதாது. அங்கே ஆட்டு ரோம நூலில் பின்னியதுதான் நிற்கும் என்று நினைக்கிறேன். அந்த நூலில் நான் பின்னியதில்லை என்பதால் அடித்துச் சொல்ல மாட்டேன். என் போர்வைக்கு வயதும் மூன்றுதான். ஓரம் ஒரு பக்கம் நைய ஆரம்பித்திருக்கிறது, புதுப் பட்டி வைத்துத் தைக்க வேண்டும்.

இந்த வருஷம் அவள் தன் அம்மாவின் சுங்குடி ஒன்றைத் துவைத்து மடித்து அனுப்பியிருக்கிறாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முந்தானை நன்றாக இருக்கிறது, நடுவில் இரண்டு சாண் அளவுக்கு இற்றிருக்கிறது. அந்தத் துண்டை உள் அடுக்கில் வைத்து, அடியில் என் நீலப் புடவையைக் கொடுத்து, முந்தானை மேலே தெரியும்படி நேற்று அடுக்கி வைத்தேன். நடு வரிசை இன்று ராத்திரி.