யூ.எஸ்.பி. ஹெட்செட்டா? மைக்கை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்

வேலூர் லாங் பஜார் பக்கம் ஆபீஸ் காலுக்காக ஹெட்செட் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 1,450 ரூபாய் கொடுத்து நான் வாங்கி வந்த யூ.எஸ்.பி. ஹெட்செட்டில், வாய்ப் பக்கம் வளைந்து வருகிற அந்த மைக் குச்சிக்குள் மைக்கே கிடையாது. கடைப் பெயரை இங்கே போடவில்லை. அதே டப்பா வேறு கடைகளிலும் தொங்குவதைப் பார்த்தேன். அதனால் டப்பாவைப் பற்றித் தெரிந்துகொள்வதுதான் உங்களுக்குப் பயன்.

எனக்கு வேலை மெடிக்கல் பில்லிங். சத்துவாச்சாரியில் வீட்டிலிருந்தே நைட் ஷிஃப்ட். பெங்களூரு ஹைவே பக்கத்தில் இருப்பதால் லாரி ஹாரன் ராத்திரி முழுக்க ஓயாது. புளூடூத் ஹெட்செட் எனக்குச் சரிப்படவில்லை. பாட்டு கேட்கும்போது நன்றாக இருக்கும், மைக் ஆன் ஆனதும் பழைய ஃபோன் கால் தரத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் ஒயர் வைத்த யூ.எஸ்.பி. கேட்டேன். அதற்குள்ளேயே சின்னதாக ஒரு சவுண்ட் கார்டு இருக்கும். லேப்டாப்பின் ஆடியோ ஜாக் எப்படி இருந்தாலும் கவலையில்லை.

கடைக்காரர் ஒரு பெரிய கம்பெனி பெயர் போட்ட டப்பாவை எடுத்து வைத்தார். "நாய்ஸ் கேன்சலேஷன் இருக்குதா?" என்று கேட்டேன். "ஃபுல் நாய்ஸ் கேன்சலேஷன் சார்" என்று சொல்லி, ஒரு பாட்டைப் போட்டு என் காதில் மாட்டிவிட்டார். இங்கேதான் கவனிக்க வேண்டும். காதுக்கு வரும் வெளிச்சத்தத்தை அடக்குவது ஒரு வேலை. நம் பேச்சோடு சேர்ந்து லாரி ஹாரனும் மறுமுனைக்குப் போகாமல் தடுப்பது வேறு வேலை. ஆபீஸ் காலுக்கு முக்கியம் இரண்டாவது, அது மைக் சமாச்சாரம். பாட்டு போட்டுக் காட்டுவதில் மைக் சோதனைக்கே வராது.

முதல் காலிலேயே டீம் லீட், "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, யாரோ துணி கசக்குற சத்தம் வேற கேக்குது" என்றார். மீட்டிங் ஆப்பில் மைக்காக எது தேர்வாகியிருக்கிறது என்று பார்த்தேன், ஹெட்செட்தான். விண்டோஸ் செட்டிங்ஸில் மைக் பர்மிஷன் ஆன். யூ.எஸ்.பி. ஹப்பில் செருகாமல் நேராக லேப்டாப்பில் செருகினேன், அப்புறம் இன்னொரு போர்ட்டில். சார்ஜரையும் கழற்றிப் பார்த்தேன். பழைய வீடுகளில் எர்த் சரியில்லாவிட்டால், சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் 'ங்ங்' என்று ஓர் இரைச்சல் காலில் கேட்கும், கழற்றினால் நின்றுவிடும். என் கேஸ் அதுவும் இல்லை. தங்கையின் லேப்டாப்பில் மாட்டினாலும் அதே கிணறுதான். இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே கோளாறு என்றால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை.

கடைக்கு எடுத்துப்போனதும் அவர் சொன்னது: "இன்னா சார், பீஸ்ல ஒன்னும் இல்ல, உங்க சிஸ்டத்துல டிரைவர் கரப்ட் ஆயிருக்கு. மேல சர்வீஸ்ல குடுங்க." டிரைவர் என்பது செருகிய பொருளை கம்ப்யூட்டர் இயக்குவதற்கான சாஃப்ட்வேர், அது கெட்டுவிட்டது என்கிறார். மாடியில் இருந்த பையன் என் ஆபீஸ் லேப்டாப்பைத் திறந்து, இணையத்திலிருந்து ஏதோ டிரைவர் அப்டேட்டர் ஒன்றை இறக்கப் பார்த்தான். அது அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. கம்பெனி லேப்டாப், பாஸ்வேர்டு என்னிடம் இல்லை என்றேன். "அப்போ பார்மட் அடிச்சிடலாமாண்ணா?" என்றான், டீ சாப்பிடலாமா என்கிற குரலில். பார்மட் என்றால் லேப்டாப்பில் இருப்பதையெல்லாம் அழிப்பது. லேப்டாப்பை மூடி வாங்கிக்கொண்டேன். அதற்கும் 'செக்கிங் சார்ஜ்' என்று 200 ரூபாய் பிடுங்கிக்கொண்டார்கள்.

சாதாரண யூ.எஸ்.பி. ஹெட்செட்டுக்குத் தனியாக டிரைவர் தேவையே இல்லை. யூ.எஸ்.பி. ஆடியோவுக்கென்று ஒரு பொதுத் தரம் இருக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அதற்கான டிரைவர் கூடவே வருகிறது. செருகினால் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஹெட்செட்டுக்கு டிரைவர் போடக் காசு கேட்கிறார்கள் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். ஆபீஸ் லேப்டாப்பை இப்படி யார் கையிலும் கொடுக்காதீர்கள் என்பது தனிக் கதை.

வீட்டுக்கு வந்து வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, மைக் குச்சியின் நுனியை நகத்தால் சுரண்டினேன். திருப்பிப் போட்டுக் கேட்டால் ஏதோ தூரத்தில் லேசாக ஒரு உரசல். அடுத்து, ஒயரின் நடுவில் வால்யூம் பட்டன்கள் இருக்கும் சின்னப் பெட்டியைச் சுரண்டினேன். காதே கிழிந்தது. மைக் அந்தப் பெட்டிக்குள், என் நெஞ்சுக்கு நேரே, சட்டையில் உரசிக்கொண்டு கிடந்திருக்கிறது. குச்சியின் ஸ்பாஞ்சை உருவி, நுனி மூடியைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். உள்ளே ஒயர்கூட வரவில்லை. வெறும் பிளாஸ்டிக் குழாய்.

இந்தச் சுரண்டல் சோதனை நல்ல ஹெட்செட்டுக்கும் உதவும். லேப்டாப் கேமரா பக்கத்தில் சுரண்டும்போது சத்தமாகப் பதிவானால், ஆப் எடுத்துக்கொள்வது லேப்டாப்பின் மைக்கை. செட்டிங்கை மாற்றினால் போதும்.

அடுத்தது பெயர் மோசடி. ஹெட்செட்டைச் செருகிவிட்டு விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட் வரிசையில் அதன் பெயரை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடிஸ் என்று போனால் வி.ஐ.டி. (VID, கம்பெனியின் அடையாள எண்) என்பதற்குப் பக்கத்தில் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த நாலு இலக்கம் தெரியும். ஒவ்வொரு கம்பெனிக்கும் அது தனி. லாஜிடெக் என்றால் 046டி, ஜாப்ரா என்றால் 0பி0இ, பிளான்ட்ரானிக்ஸ் என்றால் 047எஃப். டப்பாவில் பெரிய பெயர் போட்டிருந்த என் ஹெட்செட் காட்டியது 0டி8சி, அதாவது சி-மீடியா என்கிற சிப் கம்பெனியின் எண். சிப்பை வாங்கித் தன் பெயரில் விற்கிற சின்ன கம்பெனிகளின் பொருளிலும் அந்த எண் வரும், அது தப்பில்லை. தனக்கென்று எண் வைத்திருக்கிற கம்பெனியின் பெயரைப் போட்டுவிட்டு உள்ளே இது வந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். இந்த எண்ணையும் போலியாகப் போட முடியும், ஆனால் இந்த விலைச் சரக்குக்கு அவ்வளவு மெனக்கெடுவார்களா தெரியவில்லை.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோது இறக்குமதியாளர் முகவரி இல்லை, மாதம் வருடம் இல்லை, வாடிக்கையாளர் சேவை எண்ணும் இல்லை. பாக்கெட் பொருளில் இவையெல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். எம்.ஆர்.பி. மட்டும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது.

வாங்கும்போதே பில் கேட்டிருந்தேன். "ஜி.எஸ்.டி. பில்லுன்னா 18 பர்சென்ட் சேத்துக் குடுக்கணும் சார்" என்று சொல்லி, எஸ்டிமேட் என்று எழுதிய துண்டுச் சீட்டைத் தந்தார். எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்த விலை. வரி என்று சொல்லி அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கக் கூடாது. பில் தராமல் இருப்பதும், கோளாறான பொருளைத் திருப்பி எடுக்க மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள் கொண்டுபோனால் எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று சுவரில் எழுதி வைத்திருந்தாலும் கோளாறான பொருளுக்கு அது செல்லாது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்தேன். தமிழிலேயே பேசலாம். புகார் எண், பணம் அனுப்பிய ஜிபே ஸ்கிரீன்ஷாட், சுரண்டல் ரெக்கார்டிங் மூன்றையும் கடைக்காரரிடம் காட்டி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனால் 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம்கூட இல்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே 1,450-ஐத் திருப்பித் தந்தார். செக்கிங் சார்ஜ் 200-க்கு ஆதாரமாகச் சீட்டு எதுவும் தரவில்லை, அது போனது போனதுதான்.

இப்போது வைத்திருப்பதை வேறு கடையில் வாங்கினேன். அவர்கள் கடை லேப்டாப்பிலேயே செருகி, பேசி, பதிவு செய்து கேட்க விட்டார்கள். பில்லில் சீரியல் நம்பரும் எழுதினார்கள். மைக் நுனியை வாயின் ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்துக்கொள்கிறேன். நேர் எதிரே வைத்தால் மூச்சு இரையும். காது மெத்தை துணியில் எடுத்தேன். நம்ம ஊர் வெயிலுக்கு ரெக்சின் மெத்தை வியர்த்து, சீக்கிரம் தோல் உரிந்து கன்னத்தில் ஒட்டுகிறது.

உங்களிடமும் துண்டுச் சீட்டோடு வாங்கிய ஹெட்செட் இருந்தால் இன்றைக்கே சுரண்டிப் பாருங்கள், 30 நாள் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. குச்சிக்குள் மைக் இல்லையென்றால், மூடியை நெம்புவதற்கு முன்பே அந்த ரெக்கார்டிங்கைப் பத்திரப்படுத்திவிடுங்கள். பிரித்த பீஸ் என்று சொல்லி என்னிடம் முதலில் வாங்க மறுத்தார்கள்.