நடையா, மிதிவண்டியா? பள்ளி வழியில் எதை முதலில் பழக்குவது?

பிள்ளைகளை வாகனத்தில் கொண்டுபோய் விடுவதைக் குறைக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான பெற்றோர் ஏற்றுக்கொள்கிறார்கள். நடக்கப் பழக்குவதா, மிதிவண்டி வாங்கிக் கொடுப்பதா என்ற கேள்வியில்தான் தயக்கம் எழுகிறது.

தொலைவை மட்டும் பார்த்தால் மிதிவண்டியே மேல். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் பிள்ளை 15 நிமிடத்தில் 1 கிலோமீட்டர் கடக்கும். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் மிதிப்பவர் அதே நேரத்தில் 3 கிலோமீட்டர் போய்விடுவார். உடல்நலக் கணக்கில் இரண்டும் ஏறக்குறைய சமமே. 5 முதல் 17 வயது வரையுள்ளோருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கத்தை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. போக 15, வர 15 நிமிடம் விறுவிறுப்பாக நடந்தாலோ மிதித்தாலோ அதில் பாதி நிறைவேறிவிடுகிறது.

ஆனால் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பிள்ளையின் பக்குவம் என்பதே என் உறுதியான எண்ணம். எதிரே வரும் வண்டியின் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணிக்கும் திறன் சிறு வயதில் முழுமையாக அமைவதில்லை. நிறுத்திவைக்கப்பட்ட வண்டிகளுக்குப் பின்னால் நிற்கும் குட்டையான பிள்ளை ஓட்டுநரின் கண்ணிலும் படுவதில்லை. நடக்கும்போது இந்தக் குறையைப் பெரியவரின் கை ஈடுசெய்கிறது. மிதிவண்டியிலோ, சமநிலை தவறாமல் திரும்பிப் பார்ப்பது, ஒரு கையை எடுத்துச் சைகை காட்டுவது, பிரேக்கை அளவோடு பிடிப்பது ஆகிய எல்லாவற்றையும் பிள்ளை தனியாகவே செய்தாக வேண்டும். மிதிவண்டிக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்திலேயே தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளில் சாலை விதிகளில் எழுத்துத் தேர்வும், சாலையில் ஓட்டிக்காட்டும் தேர்வும் நடத்துகிறார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

கூட்டாகச் செல்வதிலும் நடைக்கே வசதி அதிகம். ஒரே தெருவழியே, குறித்த நேரத்தில், நிறுத்தத்துக்கு நிறுத்தம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு பெரியவர்கள் அழைத்துச் செல்லும் 'நடைப் பேருந்து' 1990களில் ஆஸ்திரேலியாவின் டேவிட் எங்விக்டால் பரவலானது. இதற்குச் செலவு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரே ஒருவர் தலையில் பொறுப்பைச் சுமத்தினால் மட்டும் அவர் வராத நாளில் ஏற்பாடு நின்றுவிடும் என்பதால், பெற்றோர் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பார்சிலோனாவில் நடப்பதுபோன்ற 'மிதிவண்டிப் பேருந்து' காணக் கண்கொள்ளாக் காட்சிதான் என்றாலும், அதற்கு அகலமான சாலையும் மற்ற வண்டிகளைத் தடுத்து நிறுத்த ஆட்களும் வேண்டும்.

நடக்கும் நாளுக்கு ஒட்டுவில்லை, பரிசு என்று கொடுப்பது தொடக்கத்துக்கு உதவும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டியதில்லை.

இரண்டு வழிகளுக்கும் பொதுவான பகை வேகம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்ட இடத்திலிருந்து சுமார் 13 மீட்டருக்குள் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வருவதற்கு அந்தத் தொலைவில் பிரேக்கே பிடிக்கத் தொடங்கியிராது. இத்தாலியின் போல்சானோ நகரம் 1989இலேயே பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் வாயில் தெருக்களை வாகனங்களுக்கு மூடத் தொடங்கியது. பெற்றோர் ஒன்றுகூடிக் கேட்க வேண்டியது இத்தகைய ஏற்பாட்டைத்தான்.

ஆகவே தொடக்க வகுப்புகளில் நடையையே தேர்ந்தெடுப்பேன். எங்கே நிற்பது, எப்போது கடப்பது என்பதைப் பிள்ளையே சொல்லும்படி விட்டு, உடன் நடக்கலாம். பத்து வயதையொட்டி, தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்த்தபடியே கோணாமல் நேராக ஓட்ட முடிகிறதா என்று வெற்றுத் திடலில் சோதித்த பிறகு, அதே வழியில் மிதிவண்டியை இறக்கலாம்.