மெட்ரான்ஸ் கன்டெய்னர் ரயில்: ஹாம்பர்க் முதல் ப்ராக், புடாபெஸ்ட் வரை, நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின்

சென்னையிலோ தூத்துக்குடியிலோ ஏற்றிய பெட்டி செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி பக்கம் போக வேண்டுமானால், கப்பலை விட்டு இறங்கியபின் அது மெட்ரான்ஸ் ரயிலில் ஏற நல்ல வாய்ப்பு உண்டு. ப்ராக்கைத் தலைமையகமாகக் கொண்ட கம்பெனி. ஹாம்பர்க்கின் துறைமுக நிறுவனமான எச்.எச்.எல்.ஏ. 2018-ல் முழுப் பங்கையும் வாங்கிக்கொண்டது. ஹாம்பர்க், ப்ரேமர்ஹாவன், ராட்டர்டாம் என்று வடக்கேயும், ஸ்லோவேனியாவின் கோப்பர், இத்தாலியின் ட்ரியெஸ்தே என்று தெற்கேயும் துறைமுகங்களிலிருந்து ரயில் விடுகிறார்கள்.

பலரும் முதலில் கேட்பது, ஹாம்பர்க்கிலிருந்து ப்ராக் எத்தனை மணி நேரம் என்பதுதான். தூரம் சுமார் 650 கிலோமீட்டர். பாதை சீராக இருந்தால் அரை நாள் ஓட்டம். ஆனால் இந்தக் கணக்கை வைத்து டெலிவரி தேதி சொல்லாதீர்கள். நாட்கள் போவது ஓட்டத்தில் அல்ல, கப்பலிலிருந்து இறங்கிய பெட்டி வேகனில் ஏறும்வரை உள்ள இடைவெளியில்.

ஹாம்பர்க்கில் புர்கார்ட்காய், ஆல்டன்வெர்டர், டோலெரோர்ட், யூரோகேட் என்று கன்டெய்னர் டெர்மினல்கள் தனித்தனி. கப்பல் எங்கே கட்டுகிறது என்பதைக் கடைசி நேரத்தில் மாற்றினால், புக்கிங்கில் போட்ட டெர்மினல் தப்பாகிவிடும். பெட்டி ஓரிடம், ரயில் வேறிடம். கப்பல் வருவதற்கு முந்தைய நாள் டெர்மினல் பெயரை மறுபடி சரிபார்ப்பது வீண் வேலை மாதிரி தெரியும். செய்துவிடுங்கள்.

புக்கிங்குக்குக் கொடுக்க வேண்டியவை: கன்டெய்னர் எண், கப்பல் பெயர், டெர்மினல், ஷிப்பிங் லைனின் ரிலீஸ் எண் (பெட்டியை விடுவிக்கும் அனுமதி எண்), மொத்த எடை, சீல் எண், கடைசி டெலிவரி முகவரி, காலிப் பெட்டியைத் திருப்பும் டிப்போ. கஸ்டம்ஸ் முடியாத சரக்கு, வரி கட்டாமல் உத்தரவாதத்தின் பேரில் கொண்டுபோகும் டி1 டிரான்சிட்டில்தான் உள்நாட்டுக்குப் போகும். அதற்கு எச்.எஸ். கோடும் (சரக்கு வகைக்கான கஸ்டம்ஸ் எண்) இன்வாய்ஸ் மதிப்பும் வேண்டும், ஏனென்றால் வரிக்கான உத்தரவாதத் தொகையை அவற்றை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். பி.எல்.லில் (கப்பல் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்) 412 அட்டைப்பெட்டி, பேக்கிங் லிஸ்டில் 421 என்று இருந்தால் டி1 அங்கேயே நின்றுபோகும். ரயில் போய்விடும், உங்கள் பெட்டிக்குத் துறைமுக ஸ்டோரேஜ் ஓடும். டி1 முறைப்படி முடிவதற்குமுன் சீலை உடைத்தால் வரிப் பொறுப்பு உத்தரவாதம் கொடுத்தவர் தலையில் விழும். கிடங்குக்காரருக்கு இதை எழுத்தில் சொல்லி வைக்க வேண்டும்.

எடை விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகம் சொதப்புவது இங்கேதான். முக்கியப் பாதைகளில் ஓர் அச்சுக்கு 22.5 டன் வரை அனுமதி. நான்கு அச்சு கொண்ட 80 அடி வேகனுக்கு மொத்தம் 90 டன். வேகனின் சொந்த எடை சுமார் 20 டன், மீதி 70. 34 டன் உள்ள 40 அடிப் பெட்டி இரண்டு தாராளமாக ஏறும். 20 அடிப் பெட்டிகள் நான்குக்கு இடம் உண்டு, ஆனால் சராசரி 17.5 டன்னைத் தாண்டக் கூடாது. உங்கள் இரண்டு பெட்டிகள் தலா 28 டன் என்றால், மீதி இரண்டு இடத்துக்கும் சேர்த்து 14 டன்தான் கிடைக்கும். கனமான 20 அடிக்கு ரேட் கூடுவதும் இடம் தாமதமாகக் கிடைப்பதும் இதனால்தான். ஒரு பக்கச் சக்கரத் தொகுதியில் மட்டும் பாரம் குவியாமலும் பார்க்க வேண்டும் என்பதால், லோடிங் பிளான் போடுபவருக்குச் சரியான எடை தேவை. பி.எல்.லில் இருப்பது பெரும்பாலும் சரக்கின் எடை மட்டுமே. 20 அடிக்கு 2.2 டன்னுக்கு மேலும், 40 அடிக்கு 4 டன்னை ஒட்டியும் பெட்டியின் சொந்த எடையைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசி மைலிலும் எடைக்கு ஒரு கணக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண டிரெய்லர் லாரிக்கு 40 டன் வரம்பு. ரயிலோடு இணைந்த கன்டெய்னர் ஓட்டத்துக்கு 44 டன் வரை சலுகை. லாரியும் சேசிஸும் சேர்ந்து 14 டன் என்றால் பெட்டிக்கு 30 டன்தான் மிச்சம்.

இந்த சேவையில் உண்மையிலேயே பிடித்தது ஹப் ஏற்பாடு. வேகன்களை யார்டில் பிரித்துக் கோக்கும் பழைய முறை இல்லை. ஒரே வேகன் தொகுப்பு துறைமுகத்துக்கும் ஹப்புக்கும் இடையே ஷட்டிலாக ஓடும். ப்ராக் உர்ஷினியெவெஸ், செஸ்கா த்ரெபோவா, ஸ்லோவாக்கியாவின் துனாய்ஸ்கா ஸ்த்ரெடா போன்ற ஹப்களில் கிரேன் வைத்துப் பெட்டியை அடுத்த ரயிலுக்கு மாற்றுகிறார்கள். ஒரு ரயிலைத் தவறவிட்டாலும் அடுத்தது சீக்கிரம் வரும். கொஞ்சம் குறைந்த ரேட்டில் வாரம் ஒரே ரயில் விடுபவரைவிட, தினமும் ஓடும் வழிக்கு அதிகம் கொடுப்பது எங்கள் கணக்கில் லாபமே.

எல்லையில் இன்ஜின் மாற்ற வேண்டியதில்லை. ஜெர்மனியில் 15 ஆயிரம் வோல்ட் 16.7 ஹெர்ட்ஸ், வட செக்கில் 3 ஆயிரம் வோல்ட் டி.சி., தெற்கிலும் ஹங்கேரியிலும் 25 ஆயிரம் வோல்ட் 50 ஹெர்ட்ஸ். ட்ராக்ஸ், வெக்ட்ரான் வகையில் பல மின்னழுத்தம் தாங்கும் இன்ஜின்கள் மின்சாரம் இல்லாத நடுநிலைப் பகுதியில் பேன்டோகிராஃபை (கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் கூரைக் கை) இறக்கி, அடுத்த கம்பியில் ஏற்றிக்கொண்டு போய்விடும். ஓட்டுநர் விஷயம் அவ்வளவு எளிதல்ல. அந்தந்த நாட்டு மொழி பி1 அளவில் (ஐரோப்பிய மொழித் தர வரிசையில் நடுத்தர நிலை) தெரிந்திருக்க வேண்டும் என்பதால் பொதுவாக எல்லையருகே ஆள் மாறுவார். மாற்று ஆளின் பணி நேரம் தாமதத்தில் கழிந்துவிட்டால் ரயில் நிற்கும்.

பெரிய பலவீனம் எல்பே பள்ளத்தாக்கு. செக்–ஜெர்மன் எல்லையில் மின்பாதை இருப்பது தெச்சின்–பாட் ஷாண்டாவ் வழியில்தான். அங்கே வெள்ளமோ பராமரிப்போ வந்தால், ஜெர்மன் எல்லையிலுள்ள ஹோர்காவில் போலந்துக்குள் நுழைந்து, செக் எல்லையிலுள்ள லிச்கோவ் வழியாக செஸ்கா த்ரெபோவா பக்கம் இறங்க வேண்டும்; சுற்று நீளம், இடமும் குறைவு. போதாக்குறைக்கு ஜெர்மனி முக்கியப் பாதைகளை மாதக்கணக்கில் முழுதாக மூடிப் புதுப்பிக்கிறது. ஹாம்பர்க்–பெர்லின் பாதை 2025 ஆகஸ்டில் அப்படி மூடப்பட்டது. அந்த மாதங்களில் டெலிவரிக் கணக்கில் இரண்டு நாள் கூட்டி வைப்பது நல்லது.

கோப்பர் வழி வரைபடத்தில் கவர்ச்சியானது. சூயஸ் வழியாக வரும் கப்பலுக்கு ஹாம்பர்க்கைவிடப் பல நாள் மிச்சம். கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வரும்போது அந்த ஆதாயம் கரைந்துவிடும். கோப்பரிலிருந்து உள்நாட்டிலுள்ள திவாச்சாவுக்கு ஏறும் பழைய ஒற்றைப் பாதையும் செங்குத்து. ஆகவே கப்பல் எந்த வழி வருகிறது என்று தெரிந்த பிறகே துறைமுகத்தை முடிவு செய்கிறோம்.

ரேட் கேட்கும்போதே காலிப் பெட்டியைப் பற்றிக் கேளுங்கள். ஷிப்பிங் லைன் துனாய்ஸ்கா ஸ்த்ரெடா டிப்போவிலேயே வாங்கிக்கொண்டால் டிடென்ஷன் (பெட்டியைத் தாமதமாகத் திருப்புவதற்கான கட்டணம்) அங்கேயே நின்றுவிடும். ஹாம்பர்க்கில்தான் ஒப்படைக்க வேண்டும் என்றால் திரும்பும் ரயில் செலவும் அதுவரை ஓடும் டிடென்ஷனும் உங்களுடையது. உள்நாட்டுப் போக்குவரத்தை லைனே ஏற்கும் கேரியர் ஹாலேஜில் எடுத்தால் இந்தத் தொல்லை லைனைச் சேரும், ரேட் கூடும். அதைத் தாமே ஏற்பாடு செய்துகொள்ளும் மெர்ச்சன்ட் ஹாலேஜில் எடுப்பவர் ஒப்படைக்கும் டிப்போவின் பெயரை ரிலீஸ் ஆர்டரிலேயே எழுதி வாங்க வேண்டும், மெயிலில் வந்த உறுதி மட்டும் போதாது.